பாஸ்கா வரை தாங்கும்

பெய்ப்சி ஏரிக்கு இந்தக் கரையில்
நீண்டு கிடக்கும் ஒரே தெரு.
இருபுறமும் வெங்காயம்.
பின்னலாகப் பின்னி வாசல் கம்பியில் தொங்கவிட்டால்
தார்த்துவிலிருந்து வரும் வண்டிகள் நிற்கும்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை
வெள்ளை வேன்காரர் ஒருவர்
என் சரக்கை விரலால் அழுத்திப் பார்த்தார்,
கழுத்து காய்ந்திருக்கிறதா என்று.
பிறகு எதிர்வீட்டைத் தாடையால் காட்டி,
"அந்த நீலக் கதவுக்காரி சரக்கு எப்படி?"

நீலக் கதவு கிளிக்கேரியாவுடையது.
என் சவ்வாத்தியைப் புதைத்த அன்று
மண் போட்ட கை காய்வதற்குள்
"குடித்துவிட்டுத்தானே ஏரியில் இறங்கினான்" என்றவள்.
அவன் குடிப்பவன் என்பது உண்மை.
அன்று குடிக்கவில்லை என்பதும் உண்மை.
இரண்டாவது உண்மைக்கு
நான் ஒருத்திதான் சாட்சி.

மூன்று வருடம் நான் காத்திருந்த கேள்வி
வேன் ஏறி வாசலுக்கே வந்திருக்கிறது.
பொய்கூடச் சொல்ல வேண்டாம்.
உதட்டை லேசாகப் பிதுக்கினால் போதும்.

அந்த ருசி எனக்குத் தெரியும்.
சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து
கடுந்தேநீரை அதன் வழியே உறிஞ்சுவோமே, அது.
முதல் மடக்கு சொர்க்கம்.
மூன்றாவது மடக்கில் கட்டி இல்லை.
மீதிக் கோப்பை அத்தனையும் கசப்பு.
கை மறுபடி டப்பாவுக்குப் போகும்.
இப்படி எத்தனை கட்டிகள்
அவள் பெயரிலேயே கரைத்துக் குடித்திருக்கிறேன்,
கடை வரிசையில், பேருந்து நிறுத்தத்தில்,
ஒருமுறை ஜெப வீட்டு வாசலிலேயே,
ஆண்டவரே, முக்காட்டைக்கூட எடுக்காமல்.

"நல்ல சரக்கு" என்றேன்.
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
"என்னுடையதைவிடக் காரம். பாஸ்கா வரை தாங்கும்."

அவளிடம் பன்னிரண்டு பின்னல் வாங்கினார்.
என்னிடம் நான்கு.

தேவதூதர் யாரும் வரவில்லை.
அன்றிரவு அடுப்புமேடைமேல் படுத்துக்கொண்டு
எட்டுப் பின்னலின் விலையைக் கணக்குப் போட்டேன்.
விறகுக்கு ஆகும். பல் வைத்தியருக்கும் கொஞ்சம்.
நல்லது செய்தால் நெஞ்சு குளிரும் என்பார்கள்.
எனக்கு எரிந்தது.

ஏரி உறைந்தது.
மீன்காரர்கள் பனியில் துளை போட்டு
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள்.

இனிப்பு வெங்காயம்தான் முதலில் அழுகும் என்பது
இங்கே குழந்தைக்கும் தெரியும்.
கிறிஸ்துமஸுக்குள் தின்று தீர்த்துவிட வேண்டும்.
கண்ணைக் கரிக்கிறதே, அது
புகைபோக்கிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு
மாதக்கணக்கில் ஒன்றுமே செய்யாது.
பார்த்தால் செத்தது போலிருக்கும்.

பிப்ரவரியில் ஒரு விடியல்.
தோல் ஜெபமாலையின் சின்னப் படிகளை
கட்டைவிரல் ஒவ்வொன்றாய் ஏறிக்கொண்டிருந்தது.
படிக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு பெயர்.
நீலக் கதவு வந்ததும் விரல் தடுக்கும்.
மூன்று வருடமாய் அந்தப் பெயரை
மீன்முள் போல நாக்கின் ஓரத்தில் ஒதுக்கி
ஜெபத்தை மட்டும் விழுங்கினேன்.
அன்று யெவ்லாம்பி வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்:
நீலக் கதவைத் தாண்டி வந்திருக்கிறேன்.
சொல்லியிருக்கிறேன்.
முள் இல்லை.

நம்பாமல்
ஒரு படி கீழே இறங்கி மறுபடி சொன்னேன்.
கிளிக்கேரியா.
நெற்றி தரையில் இருக்கும்போதே
சிரிப்பு வந்துவிட்டது, சத்தமாக.
பூனை எழுந்து அடுத்த அறைக்குப் போயிற்று.

அவளுக்கு இது எதுவும் தெரியாது.
இன்றும் என்னைக் கண்டால்
வாளியைக் கை மாற்றிக்கொண்டு தெருவின் மறுபக்கம் போகிறாள்.
தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு
ஒருவர் காலில் ஒருவர் விழுந்து
கிறிஸ்துவுக்காக மன்னிக்கச் சொல்லிக் கேட்போம்.
என் பக்கம் வருவாளோ, மாட்டாளோ.
நான் போவேன். முழங்கால்தான் சொன்னபடி கேட்பதில்லை.

சர்க்கரை டப்பா அலமாரியிலேயே இருக்கிறது.
நான் சந்நியாசி இல்லை.
இன்று காலை மட்டும்
தேநீரை வெறுமனே குடித்து முடித்திருந்தேன்,
மறந்துபோய்.